பாலம் கட்டியவரும் கரையைக் காத்தவர்களும்

போன வாரம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். "உங்கள் ஊரின் வருங்காலத்துக்கு ஆளுக்கொரு யோசனை எழுதுங்கள்." அரை மணி நேரத்தில் தாள்கள் குவிந்துவிட்டன. மேம்பாலம் வேண்டும், ஐ.டி. பார்க் வேண்டும், குளங்களில் படகு விட வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். நான் எழுதியது, ஆற்றங்கரையில் ஒரு நடைபாதை. பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்து, "துட்டு யாருல குடுப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் வழக்கம் போல சுலோச்சன முதலியார் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாகத் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் நண்பன் கேட்ட அதே கேள்வியை, இதே இடத்தைப் பற்றி, 1840-லேயே கேட்டுவிட்டார்கள்!

அந்தக் கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்போது திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி ஊர்கள். இந்தப் பக்கம் நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும். அந்தப் பக்கம் கோட்டை, பட்டாளம், வெள்ளைக்கார அதிகாரிகள். நடுவில் ஆறு. கடக்க வேண்டுமென்றால் படகுதான். நம் ஆறு மற்ற ஆறுகளைப் போல வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் பெய்தால் ஒரு வரத்து, வடகிழக்குப் பருவமழை பெய்தால் இன்னொரு வரத்து. வெள்ளம் வந்துவிட்டால் இந்தக் கரைக்காரர் இங்கே, அந்தக் கரைக்காரர் அங்கே.

பாலம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கலெக்டர் இ.பி. தாம்சன் காலத்தில் ஆலோசனை நடந்தது. செலவு சுமார் அரை லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். மக்களிடம் நன்கொடை திரட்டலாம் என்பது யோசனை. திரட்டும் பொறுப்பு கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியாரிடம் வந்தது. சிரஸ்தார் என்றால் அந்த அலுவலகத்தில் நம்மவர் ஒருவர் எட்டக்கூடிய பெரிய பதவி.

முதலியார் வசூலுக்குப் போகவில்லை. முழுத் தொகையையும் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. பதினொரு வளைவுகள், ஒவ்வொன்றும் 60 அடி அகலம். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். 1817-ல் திறந்த அந்த வாட்டர்லூ பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். நம்முடையது இன்னும் நிற்கிறது, அதன்மேல் என் பஸ்ஸும் நிற்கிறது!

அவர் ஏன் வசூலுக்குப் போகவில்லை? பெரிய மனசு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. சிரஸ்தார் என்பவர் வரி வசூல் செய்யும் அலுவலகத்தின் ஆள். அவர் ஒரு விவசாயியின் வாசலில் போய் நின்று "நன்கொடை கொடுங்கள்" என்றால், அது நன்கொடையா, வரியா? முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்தச் சங்கடம் அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

கதையை நாம் வழக்கமாக இங்கே முடித்துவிடுவோம். ஆனால் மிச்சம் இருக்கிறது. 1869-ல் ஆற்றில் பெருவெள்ளம். பாலத்தின் ஒரு பகுதி இடிந்து போனது. 1871-ல்தான் சரி செய்தார்கள். இந்தத் தடவை தனி மனிதர் யாரும் முன்வரவில்லை, அரசாங்கம்தான் செய்தது. பின்னாளில் அகலப்படுத்தியதும் அரசாங்கம்தான். வள்ளல் ஒருவர் ஒரு முறை கொடுக்கலாம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு வள்ளல் வருவாரா?

என் நண்பன் கேட்டது "துட்டு யார் கொடுப்பது?" அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. "கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?" இதற்கு நம் ஆற்றங்கரைக்காரர்கள் பாலத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதன் பெயர் குடிமராமத்து.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் அவற்றால் நிறையும் குளங்களும்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சோறு. அணைகளைக் கட்டியவர்களைப் பற்றிக் கதைகள் உண்டு. கன்னடியன் கால்வாயை ஒரு கன்னட பிரம்மச்சாரி அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே போய் வெட்டினார் என்று கதை சொல்வார்கள். ஆனால் வருஷா வருஷம் அந்தக் கால்வாயில் இறங்கித் தூர் வாரியவர்களைப் பற்றி ஏதாவது கதை கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

குடிமராமத்து என்றால், பாசனம் பெறுகிற ஊர்க்காரர்களே சேர்ந்து கால்வாயில் மண் எடுப்பது, குளக்கரையில் விழுந்த உடைப்பை அடைப்பது, செடி கொடிகளை வெட்டி எறிவது. மழைக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டும். இந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-ல் சென்னை மாகாண அரசு இதற்குச் சட்டமே போட்டது. வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டம் போட்டுச் செய்ய வைக்க வேண்டியதாயிற்று. அதுவும் பெரிதாக உதவவில்லை. குளங்கள் அரசுத் துறைகளின் பொறுப்பு என்றான பிறகு, கரையில் நின்று பார்ப்பவர்களாக நாம் மாறினோம். 2017-ல் தமிழக அரசு அதே குடிமராமத்துப் பெயரில் ஒரு திட்டம் கொண்டு வந்தது.

பழைய வழக்கம் முழுக்கப் பொன்னானது என்று நான் சொல்லவில்லை. கரையில் நின்று உத்தரவு போட்டவர் யார், சேற்றில் இறங்கியவர் யார் என்று கேட்டால் சாதியும் நிலமும் வந்து நிற்கும். திரும்பக் கொண்டு வர வேண்டியது முறைபோட்டுக் கவனிக்கும் பழக்கத்தை மட்டும்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை மீறியது, குளங்கள் உடைந்தன. ஜங்ஷன் பக்கம் இருக்கும் சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அந்த மழையை எந்தக் கால்வாயும் முழுசாகத் தாங்கியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தூர்ந்த வாய்க்காலும் கவனிக்காத கரையும் வெள்ளத்துக்குத் துணைதான் போகும்.

இப்போதும் சிலர் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்துவருகிறார்கள். 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பறவையை எண்ணப் போகிறவர் குளத்தையும் பார்க்கிறார். ஆக்கிரமிப்பும் குப்பையும் கண்ணில் படாமல் இருக்குமா? ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் வருகிறார். பெரிய துட்டு எதுவும் தேவைப்படவில்லை.

என் யோசனைத் தாளைத் திருப்பி வாங்கித் திருத்தி எழுதிவிட்டேன். நடைபாதையை அடித்துவிட்டேன். நம் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தின் மதகையும் கரையையும், புரட்டாசிக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துக் குறித்து வைப்பது. எங்கே விரிசல், எங்கே அடைப்பு என்று எழுதி உரிய அலுவலகத்தில் கொடுப்பது. நாம் படிப்பை முடித்துப் போன பிறகு அடுத்த வகுப்பு செய்வது. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். யார் யார் வருகிறீர்கள்?