கடல் சேராத ஆற்றின் முகத்தில்

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிவருகிறோம். சொல்லும் நாமோ கடல் காணாத கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தோம். அலையோசையைச் சுருளி அருவியின் இரைச்சலைக் கொண்டு ஊகித்து வளர்ந்தவர்கள் நாம். இராமநாதபுரத்தை அடுத்த ஆற்றங்கரை என்னும் சிற்றூரின் கடலோரத்தில் ஒரு மாலை தனியே நிற்க வாய்த்தது. வைகையின் முகத்துவாரம் அது.

பாக் நீரிணை பெரும்பாலும் ஏரி போலக் கிடக்கும் கடல். அன்றும் அலையென்று சொல்லத்தக்க அலை இல்லை. ஈர மணலில் நண்டுகள் கோடிழுத்தன. கதிரவன் கடலில் விழவில்லை. நம் முதுகுக்குப் பின்னே நிலத்தின்மேல் சாய்ந்தது. (எற்பாட்டைக் காலைப்பொழுது எனக் கொள்வாரும் உளர். கீழைக் கரையில் நின்று பார்த்தால் அவர்கள் கட்சிக்கும் வலுவிருப்பது போல் தோன்றுகிறது.) அவ்வாறு சாய்ந்த திசையில்தான், ஏறக்குறைய 258 கிலோமீட்டர் ஆற்றுவழிக்கு அப்பால், வருசநாட்டு மலைகள் இருக்கின்றன. ஆற்றின் இந்த முனையில் நின்றபடி அதன் தலைமாட்டை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த முனைக்கும் இந்த முனைக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்திலிருக்கும் அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986-87 தொடங்கிப் பலமுறை அகழ்ந்திருக்கிறது. உரோமானியக் காசுகள், ரௌலட்டட் வகைப் பானையோடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எனப் பலவும் கிடைத்தன. ஆற்றின் மேற்பகுதியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. சேரநாட்டு மலைகளையும் கீழைக்கடலையும் இணைத்த பெருவழி கம்பம் பள்ளத்தாக்கு வழியாக, வைகையை ஒட்டிச் சென்றது என்பர் ஆய்வாளர். மலைச்சரக்கு கண்ட துறை இன்று ஓடுடைந்த மேடாகக் கிடக்கிறது.

ஆனால் நம்மை அன்று அலைக்கழித்தது அந்தப் பழமையன்று, முத்திருளப்ப பிள்ளை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்தவர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று கண்டுவரப் பன்னிருவரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்றே தெரிந்தது, பணந்தான் இல்லை. 1808இல் ஆய்ந்த ஆங்கிலப் பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல்லோ ஆகாத காரியமென்று எழுதிவிட்டார். 1876-78 பஞ்சம் நாட்டை உலுக்கிய பிறகே அத்திட்டம் மீண்டும் விரைவு பெற்றது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் பணி தொடக்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைக்க, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் நம் பள்ளத்தாக்கில் இறங்கியது. காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் அந்தக் காட்டில் மடிந்த கூலிகள் பலர்.

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பென்னிகுயிக்கின் படம் உண்டு. சனவரி 15இல் அவருக்குப் பொங்கலும் உண்டு. தகும். முத்திருளப்ப பிள்ளை யாரென்று கேட்டால் மட்டும் மாணவர்கள் விழிக்கிறார்கள். உப்புக்காற்றும் வறண்ட கண்மாயுமாகக் கிடந்த ஒரு சீமையிலிருந்து எழுந்த கனவு, நடுவழியில் நம் வயல்களிலும் மேலூர்ப் பக்கத்து நஞ்சையிலும் பலித்தது. கனவு கண்ட சீமை கடைமடையாகவே நின்றுவிட்டது. சூன் மாதம் மதகு திறந்ததும் நாற்றங்காலில் துள்ளிக் குதித்த நம் இளமை, இந்தக் கரையின் தாகத்தை ஒரு நாளும் எண்ணியதில்லை. அன்று மாலைதான் அது உறைத்தது.

சிவனுக்கு நஞ்சளித்த பாவியென்று கடலை வெறுத்தே வைகை அதில் புகுவதில்லை என நயமாகச் சொல்லும் தனிப்பாடலொன்று உண்டு. பாடிய புலவர் வேடிக்கையாகத்தான் பாடியிருப்பார். இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சினாலன்றோ ஆறு இங்கு வரும்! பெருவெள்ள ஆண்டுகளில் வந்துவிட்டாலோ, 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று நாளிதழ்கள் அங்கலாய்க்கும். முகத்துவாரத்து மீனுக்கும் இறாலுக்கும் அது வீணன்று.

இருட்டத் தொடங்கியபோது, படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எந்த ஊரென்று கேட்டார். தேனிப் பக்கம் என்றோம்.

"அப்ப வைகை அணைக்குப் பக்கந்தான். இப்ப எத்தனை அடி நிக்கிது சார்?"

காலை நாளிதழில் பார்த்த அளவைச் சொன்னோம். சற்று நேரம் மனத்துள் ஏதோ கணக்குப் போட்டார்.

"இந்த வருசமும் பரமக்குடி தாண்டாது" என்றபடி வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.