ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் இளைஞர் அரசியலும் வாக்களிப்பும்

பூவராக சுவாமி கோயிலால் அறியப்படும் ஸ்ரீமுஷ்ணம், கடலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. சட்டமன்றத் தேர்தலில் புவனகிரித் தொகுதியிலும், மக்களவைத் தேர்தலில் சிதம்பரம் (தனி) தொகுதியிலும் அடங்குகிறது. அருகிலுள்ள தொகுதி காட்டுமன்னார்கோயில் (தனி). இவ்வட்டார இளைஞர்களில் பல தலைமுறையினர் முதலில் போராட்டக் களத்துக்கு வந்து, அங்கிருந்தே வாக்குச்சாவடிக்குச் சென்றவர்கள்.

வயது வரம்பு

அரசமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 1989 மார்ச் 28இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த தமிழகச் சட்டமன்றத் தேர்தல் பழைய வரம்பிலேயே முடிந்துவிட்டதால், 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலே. வேட்பாளராக நிற்க உள்ளாட்சிக்கு 21 வயதும், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

மொழிப்போர்த் தலைமுறை

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவருக்கு அண்ணாமலைநகரில் சிலை உண்டு. அன்றைய மாணவர்களில் பலர் 21 வயது நிரம்பாதவர்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடமும் உறவினரிடமும் வாக்குக் கேட்டார்கள். 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார்.

இடஒதுக்கீடும் சமத்துவமும்

1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அவ்வாண்டே பாட்டாளி மக்கள் கட்சியும் தோன்றியது. மறுபுறம், தலித் இளைஞர்களைத் திரட்டிய விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் தேர்தலைப் புறக்கணித்து வந்தது. 1999இல் அந்நிலையை மாற்றிக்கொண்டது. அதன் தலைவர் தொல். திருமாவளவன் அரசுப் பணியைத் துறந்து, தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் சிதம்பரத்தில் நின்று, பா.ம.க.வின் இ. பொன்னுசாமியிடம் தோற்றார். அந்தத் தேர்தலை ஒட்டித் தொகுதியில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வாக்குச்சாவடிக்குப் போவதே துணிச்சலாக இருந்த காலம் அது.

புதிய தலைமுறை

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டம், கட்சிக் கொடி இல்லாமல் கைப்பேசி வழியே திரண்ட இளைஞர்களைக் காட்டியது. 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்தார். அதன் முதல் மாநில மாநாடு அக்டோபர் 27இல் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில், விக்கிரவாண்டி அருகே நடந்தது. தாத்தா சின்னத்தைப் பார்த்தும் அப்பா சாதிச் சங்கத்தைப் பார்த்தும் முடிவெடுத்த வீட்டில், பேரன் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறான் என்ற குறை ஊர்ப் பெரியவர்களிடம் உண்டு. எம்.ஜி.ஆரைப் பார்த்து இரட்டை இலைக்கு வாக்களித்தவர்களும் அவர்களே.

பதிவும் தடைகளும்

முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருந்தால்தான் அவ்வாண்டுப் பட்டியலில் பெயர் சேரும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவரும் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். தேசிய வாக்காளர் நாள் 2011 முதல் ஜனவரி 25இல் கொண்டாடப்படுகிறது.

பெயர் இருந்தும் ஆள் வராததே கிராமங்களில் பெரிய சிக்கல். வாக்குச்சாவடிக்குள் இருக்கும் பூத் ஏஜென்ட், வாக்களித்தவர் பெயரை ஒவ்வொன்றாக டிக் செய்து வருவார். பிற்பகலில் விடுபட்ட பெயர்களைப் பார்த்தால், திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போன பிள்ளைகள் இருப்பார்கள். வெளியூரில் பிழைப்பவருக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. வெளிநாடுவாழ் இந்தியரும் நேரில் வந்தாக வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்து அந்த வாக்கின் விலையாகிவிடுகின்றன. இதை இளையோரின் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிட முடியாது.

வாக்கின் எடை

2019 மக்களவைத் தேர்தலில் திருமாவளவன் சிதம்பரத்தில் 3,219 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அதற்கு முன் 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் அ.தி.மு.க.வின் என். முருகுமாறனிடம் அவர் தோற்றது 87 வாக்குகளில். நடுத்தர ஊர் ஒன்றின் ஒரே தெருவில் அவ்வளவு வாக்குகள் இருக்கும்.