மொரீஷியஸ் சீட்டு



மொரீஷியஸ் என்றால் உங்களுக்குத் தேனிலவு. எனக்கு ஒரு சீட்டு.

1834 நவம்பர் 2-இல் 'அட்லஸ்' கப்பலில் 36 இந்தியர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கினார்கள். பின்னால் நம் தமிழ்ச் சனமும் போனது. மாதம் 5 ரூபாய், அரிசி, பருப்பு, உப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கறாரான வாத்தியார் நான். எனக்கே மனசு ஆறவில்லை.

ஒப்பந்தம் முடிந்து, காய்கறி விற்றோ மாடு வளர்த்தோ பிழைக்கலாம் என்று தங்கியவர்களும் 1867 சட்டப்படி புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் வெளியே நடமாட வேண்டும். கையில் இல்லையென்றால் 'நாடோடி' என்று போலீஸ் பிடிக்கும். பல வருடம் வாழ்ந்த ஊரிலேயே!

1871-இல் 9,401 பேர் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். எழுத உதவியவர் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ், தோட்டம் நிர்வகித்த வெள்ளைக்காரர். அவரை நாடு கடத்தச் சொல்லி முதலாளிகளும் மனு போட்டார்கள். மறுவருடம் லண்டனிலிருந்து விசாரணை ஆணையம் வந்திறங்கியது.