பைரேட்ஸ் அணியின் தலைசிறந்த மூவர், பட்டியலில் இல்லாத ஒருவர்

இன்றைக்கு ஒரு தரவரிசை எபிசோட். 1887-லிருந்து நேஷனல் லீகில் ஆடிக்கொண்டிருக்கும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் இதுவரை ஆடியவர்களில் டாப் மூணு பேர் யார்? என் வரிசையைச் சொல்றேன். கடைசியில் நாலாவதா ஒரு பெயரும் வரும். அவர் பைரேட்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவங்களுக்கு முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பேஸ்பாலில் பேட்டிங் சராசரிங்கறது ரன் கணக்கு கிடையாது. அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட் என்பதுதான். பத்துக்கு மூணு, அதாவது 0.300 இருந்தாலே நல்ல பேட்டர்.

மூன்றாம் இடம், வில்லி ஸ்டார்ஜெல். 1962 முதல் 1982 வரை ஒரே அணி, 475 ஹோம் ரன். 1979-ல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றபோது அவருக்கு வயசு 39. அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். ‘பாரி பாண்ட்ஸ் எங்கே?’ன்னு கேப்பீங்க. அவர் இங்கே இருந்தது ஏழே சீசன். ஒரு அணியின் வரிசை போடும்போது, அங்கே எத்தனை வருஷம் உழைச்சாங்க என்பதுக்கும் நான் மார்க் போடுவேன்.

இரண்டாம் இடம், ரொபர்டோ கிளெமென்டே. புவேர்ட்டோ ரிக்கோக்காரர். 1955 முதல் 18 சீசன், சரியாக 3,000 ஹிட், ஃபீல்டிங்குக்கு 12 கோல்ட் கிளவ். 1960, 1971 ஆகிய இரண்டு உலகத் தொடர்களிலும் சேர்த்து 14 ஆட்டம். பதினாலிலும் ஹிட் அடித்தார். 1972 டிசம்பர் 31-ல், பூகம்பத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்துபோனார்.

முதலிடம், ஹோனஸ் வாக்னர். சின்ன வயசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1900 முதல் 1917 வரை பைரேட்ஸில் ஆடினார். லீகிலேயே அதிக பேட்டிங் சராசரி என்ற பட்டம் எட்டு தடவை. அதில் பெரும்பாலானவற்றை ஷார்ட்ஸ்டாப் என்கிற கஷ்டமான ஃபீல்டிங் இடத்தில் நின்றுகொண்டு சாதித்தார். 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஐந்து பேரில் ஒருவர்.

ஆனா வாக்னர் ஆடிய காலத்தில் மேஜர் லீகில் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே மாட்டாங்க. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தடை முப்பது வருஷம் நீடித்தது.

அப்போதான் அதே ஊரில் ஜோஷ் கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார். நீக்ரோ லீக் அணிகளான ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ் இரண்டுக்கும் ஆடிய கேட்சர். பைரேட்ஸின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டிலேயே கிரேஸும் ஆடினாங்க. மைதானத்தை வாடகைக்குக் கொடுத்த பைரேட்ஸ், கிப்சனுக்கு இடம் கொடுக்கவில்லை. 1947 ஜனவரி 20-ல், 35 வயசில் அவர் இறந்தார். மூணு மாசம்கூட ஆகலை, ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார்.

1971 செப்டம்பர் 1-ல் பைரேட்ஸ் இறக்கிய ஒன்பது பேருமே கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். மேஜர் லீகில் அதுதான் முதல் முறை. அந்த ஒன்பதில் கிளெமென்டேயும் ஸ்டார்ஜெலும் உண்டு. 2024-ல் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தபோது, கிப்சனின் 0.372 சராசரி டை காபின் 0.367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது.

அப்போ அவரைப் பைரேட்ஸ் வரிசையில் சேர்த்துடலாமா? நான் சேர்க்க மாட்டேன். சேர்த்தா, வேண்டாம்னு ஒதுக்கிய அணிக்கே அவருடைய பெருமையையும் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும். அவர் கிரேஸ், க்ராஃபோர்ட்ஸ் வீரராகவே இருக்கட்டும். இனி யாராவது பைரேட்ஸ் பட்டியலைக் காட்டினா, அந்த ஊரின் மிகப் பெரிய பேட்டர் ஏன் அதில் இல்லைன்னு கேளுங்க.

உங்க டாப் மூணு யார்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.