நூலகமும் வேலியும்

ஒருவர் தம் செல்வத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை வாழ்நாளிலேயே வாரி வழங்கினார் என்று கேட்டால், அவரை வள்ளல் எனப் போற்ற நாம் தயங்கமாட்டோம். அவருடைய ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர் என்று கேட்டால், அவரைக் கொடியவர் என்று சொல்லவும் தயங்கமாட்டோம். இவ்விரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைகள் எனும்போதுதான் நம் நா தடுமாறுகிறது. அம்மனிதர் ஆண்ட்ரூ கார்னகி. அமெரிக்கச் சமுதாயம் செல்வத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் இரு மனத்தையும் அவர் ஒருவர் வாழ்விலேயே நாம் காணலாம்.

1835-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லின் நகரில் ஒரு கைத்தறி நெசவாளரின் மகனாக அவர் பிறந்தார். நீராவித் தறிகள் வந்தன. தந்தையின் தறி ஓய்ந்தது. 1848-இல் குடும்பம் கடல் கடந்து பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகேனி நகரை அடைந்தது. பஞ்சாலையில் நூற்கண்டு எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக அவர் பெற்ற வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். அவ்வூரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தம் சொந்த நூல்களை உழைக்கும் சிறுவருக்கு இரவலாகத் தந்து வந்தார். அந்த நன்றியை கார்னகி இறுதிவரை மறக்கவில்லை. தந்திச் சேவகராகவும் இரயில்வே அதிகாரியாகவும் உயர்ந்து, பின்னர் எஃகுத் தொழிலின் தலைவரானார்.

அவர் சிந்திக்காத செல்வர் அல்லர். 1868-இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், பணம் சேர்ப்பதே இழிந்த சிலைவழிபாடு என்று தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் ஈட்ட முயல்வதில்லை என்றும் அதில் உறுதி பூண்டார். அந்த உறுதி நிலைக்கவில்லை. 1886-இல் எழுதிய கட்டுரைகளில், தொழிலாளர் சங்கமாகக் கூடும் உரிமை முதலாளிகளின் உரிமைக்குச் சற்றும் குறைந்ததன்று என்று வாதாடினார். 1889-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில், செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலரே என்றும், அதை வழங்காமல் இறப்பவர் இகழ்ச்சியோடே இறக்கிறார் என்றும் அறிவித்தார். இறந்தோர் சொத்தின்மேல் கடும் வரி வேண்டும் என்று கேட்ட செல்வரும் அவரே.

ஆனால் அதே கட்டுரையில் மற்றொரு கருத்தும் இருந்தது. ஆயிரமாயிரம் பேருக்குச் சிறு தொகைகளாகப் பிரிந்து போகும் பணம் வீணாகிவிடும்; அது திறமையுள்ள ஒருவர் கையில் திரண்டு பொதுநலனுக்குப் பயன்படுவதே மேல் என்றார். கூலியாகக் கொடுப்பதைவிடக் கொடையாகக் கொடுப்பது உயர்ந்தது என்பதே இதன் பொருள். அக்கருத்து நடைமுறைக்கு வந்தபோது விளைந்ததை மூன்றே ஆண்டுகளில் உலகம் கண்டது.

பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, மொனாங்ககேலா ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை இருந்தது. 1892-ஆம் ஆண்டு ஜூன் இறுதியோடு தொழிற்சங்க ஒப்பந்தம் முடிவடைய இருந்தது. எஃகின் விலையோடு ஏறி இறங்கும் கூலியின் அடிமட்ட அளவைக் குறைக்க நிர்வாகம் முனைந்தது. கார்னகி ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். பொறுப்பேற்றிருந்த ஹென்றி கிளே பிரிக் ஆலையைச் சுற்றி முள்கம்பி வேய்ந்த உயர்ந்த வேலி எழுப்பி, கதவடைப்புச் செய்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் விடியும் முன்பே, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிக்காவலர் 300 பேர் இரு படகுகளில் வந்திறங்க முயன்றனர். கரையில் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் திரண்டிருந்தனர். நாள் முழுதும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரு தரப்பிலுமாகப் பத்துப் பேரேனும் மாண்டனர். சரணடைந்த காவலரைக் கூட்டத்தினர் ஈவிரக்கமின்றி அடித்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. சில நாள்களில் மாநில ஆளுநர் 8,000-க்கும் மேற்பட்ட படையினரை அனுப்பினார். ஆலை புதிய ஆட்களோடு இயங்கத் தொடங்கியது. நவம்பரில் போராட்டம் சரிந்தது. தொழிற்சங்க உரிமையை எழுத்தில் போற்றியவரின் ஆலையிலேயே தொழிற்சங்கம் புதைக்கப்பட்டது. பன்னிரண்டு மணிநேர வேலைநாள் நிலைபெற்றது. இரு வாரங்களுக்கு ஒருமுறை, பகல் முறையும் இரவு முறையும் மாறும் நாளில், இருபத்து நான்கு மணிநேரம் தொடர்ந்து நின்று உழைத்தவரும் உண்டு.

தம் வாழ்வில் வேறெதுவும் தம்மை அவ்வளவு ஆழமாகப் புண்படுத்தவில்லை என்று கார்னகி பின்னாளில் தம் வரலாற்றில் எழுதினார். அந்தத் துயரம் பொய்யென்று நாம் கருதவில்லை. ஆயினும் குறைக்கப்பட்ட கூலியை அத்துயரம் திருப்பித் தரவில்லை. 1892-இல் 40 லட்சம் டாலராக இருந்த நிறுவனத்தின் ஆண்டு இலாபம் 1900-இல் 4 கோடி டாலராயிற்று. 1901-இல் நிறுவனம் 48 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கார்னகியின் பங்கு மட்டும் 22 கோடிக்கு மேல். அவ்வாண்டே தொழிலாளர் உதவி நிதிக்கு அவர் 40 லட்சம் டாலர் அளித்ததையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும்.

அதற்கு முன்பே, 1898-இல், ஹோம்ஸ்டெட் குன்றின்மேல் அவர் கட்டிய அழகிய நூலகம் திறக்கப்பட்டிருந்தது. இசையரங்கும் நீச்சற்குளமும் அதில் அமைந்தன. உலகெங்கும் அவர் கொடையால் எழுந்த நூலகங்கள் 2,500-க்கும் மேல். எத்தனை ஏழைப் பிள்ளைகள் அங்கே கண் திறந்தார்கள் என்று யாரால் எண்ண முடியும்? அந்நன்மையை மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆனால் பன்னிரண்டு மணிநேரம் உலையின் முன் நின்று வெந்தவர் எந்நேரத்தில் நூலைத் திறப்பார்? அவ்வூர்த் தொழிலாளரே அன்று இக்கேள்வியைக் கேட்டனர். சிறுவனாகத் தாம் விரும்பியதை அவர் பிறருக்குக் கொடுத்தார்; அதைத் துய்ப்பதற்கான நேரத்தை ஆலை எடுத்துக்கொண்டது.

இங்கே நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல சபைகளின் ஆலயங்களுக்கு கார்னகி உதவிய ஆர்கன் இசைக்கருவிகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவ்விசையில் மகிழ்ந்த ஆலயத்தாருள் எத்தனை பேர் எஃகு ஆலையின் வேலைநேரத்தைப் பற்றிக் கேட்டிருப்பர்? கொடையைப் பெறுகிறவர்க்குக் கேள்வி கேட்கும் துணிவு குறைந்துவிடுகிறது. அருள்பணியில் முப்பது ஆண்டுகளை நெருங்கும் நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர் அல்லோம்.

ஹோம்ஸ்டெட் நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்பு, 1891-இல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். தேவையின் கொடுமையால் ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அது நீதியாகாது என்பதும், சங்கமாகக் கூடுதல் இயற்கை உரிமை என்பதும் அதன் போதனை. மின்னசோட்டா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அருள்தந்தை ஜான் ரயன், 1906-இல் வாழ்வூதியம் பற்றி ஒரு நூல் எழுதி, இப்போதனையை அமெரிக்க மண்ணில் ஊன்றினார். 1919-இல் அமெரிக்க ஆயர்கள் வெளியிட்ட சமூகச் சீரமைப்புத் திட்டமும் அவர் வரைந்ததே. அதில் கேட்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம், முதியோர் காப்பீடு ஆகியவை 1930-களில் சட்டமாயின. எஃகு ஆலைகளின் பன்னிரண்டு மணிநேர வேலை 1923-இல் ஒழிந்தது. 1937-இல் மாபெரும் எஃகு நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றது. கொடை தராததைச் சட்டமும் சங்கமும் தந்தன.

எனினும் அந்நாட்டின் இருமனம் தீரவில்லை. 1950-களில் 91 விழுக்காடாக இருந்த உச்ச வருமான வரி வீதம் 1988-இல் 28 விழுக்காடாக இறங்கியது. மூன்றில் ஒருவர் தொழிற்சங்கத்தில் இருந்த நாடு, பத்தில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது. இன்று அங்கே குடும்பங்களின் மொத்தச் செல்வத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரிடம் உள்ளது. கீழ்ப்பாதி மக்களிடம் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2010-இல் பில் கேட்சும் வாரன் பப்பெட்டும் பெருஞ்செல்வரை அழைத்து, செல்வத்தில் பாதியையேனும் வழங்க உறுதி கேட்டபோது, கார்னகியின் பழைய குரலே மீண்டும் கேட்டது. நல்ல குரல்தான்; ஆனால் பழைய கேள்வியும் கூடவே எழுகிறது.

நற்செய்தியில் வரும் சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். முன்னது இரக்கம், பின்னது நீதி. கார்னகி முதல் பாதியை எவரும் வியக்கும்படி செய்துகாட்டினார். இரண்டாம் பாதியின் வாயிலிலோ வேலி நின்றது.

ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடப்பட்டது. அது நின்ற இடத்தில் கடைத்தெரு வந்துவிட்டது. பழைய புகைபோக்கிகள் சில மட்டும் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. குன்றின்மேல் நூலகமும் நிற்கிறது. கொடுப்பதற்கு நாம் கையை நீட்டும்போதெல்லாம், கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்த ஒரு கணத்தின் அச்சம் நம் கொடையைத் தூய்மையாக்கும்.