முக்கோணத்தைக் கலைக்கும் முதல் அடி

பூல் ஆட்டத்தில் பதினைந்து பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் நெருக்கி அடுக்கியபின் சட்டத்தை எடுத்துவிடுவார்கள். ஆட்டக்காரர் கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தைக் குத்தி, முனையிலுள்ள பந்தின்மீது மோதவிடுகிறார். கேரம் ஆட்டத்தில் நடுக் காய்களைக் கலைக்கும் முதல் அடி போன்றதே இது. வெள்ளைப் பந்தின் நிறை சுமார் 170 கிராம். அதன் இயக்கம் முழுவதும் மற்றப் பந்துகளுக்குப் போய்ச் சேருகிறதா? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பேரறிஞர் ஒருவரே தவறான விடை கூறியிருக்கிறார்.

அவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட். 1644-ல் வெளியிட்ட நூலில் மோதலுக்கு ஏழு விதிகள் வகுத்தார். சம அளவுள்ள இரு பொருள்கள் சம வேகத்துடன் எதிரெதிராக வந்து மோதினால், அதே வேகத்துடன் திரும்பும் என்பது முதல் விதி. இது சரியே. அசையாதிருக்கும் பொருள்மீது சம அளவுள்ள மற்றொன்று மோதுவதைப் பற்றியது ஆறாம் விதி. நான்கு பங்கு வேகத்துடன் வந்த பொருள், ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மூன்று பங்குடன் பின்னோக்கித் திரும்பும் என்றார். பில்லியர்ட்ஸ் மேசையருகே ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. சுற்றியுள்ள ஊடகம் விதிகளை மாற்றிவிடும் என்று ஒரு சமாதானமும் சொல்லி வைத்திருந்தார்!

ஹாலந்து நாட்டு ஹைகன்ஸின் தந்தைக்கு டெக்கார்ட் நண்பர். ஆயினும் ஹைகன்ஸ் தம் இருபதுகளிலேயே இந்த விதிகளை ஐயுற்றார். அவர் கையாண்ட வழி மிக அழகானது. ஆற்றில் ஒரு படகு சீராகச் செல்கிறது. அதில் நிற்பவர், நூலில் தொங்கும் இரு சம பந்துகளைச் சம வேகத்தில் மோதவிடுகிறார். அவர் கண்ணுக்கு இரண்டும் முதல் விதிப்படி அதே வேகத்தில் திரும்புகின்றன. படகின் வேகமும் பந்தின் வேகமும் சமம் எனக் கொள்வோம். இப்போது கரையில் நிற்பவர் என்ன காண்பார்? படகுக்கு எதிர்த்திசையில் சென்ற பந்து அவருக்கு அசையாமல் நிற்கிறது. மற்றது இரட்டை வேகத்தில் வருகிறது. மோதியபின், வந்த பந்து நின்றுவிடுகிறது. நின்ற பந்து இரட்டை வேகத்தில் புறப்படுகிறது. டெக்கார்ட்டின் முதல் விதியைக் கொண்டே அவரது ஆறாம் விதி வீழ்த்தப்பட்டது.

லண்டன் ராயல் சங்கம் கேட்டதன்பேரில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் 1668-69-ல் மோதல் விதிகளை எழுதி அனுப்பினர். ஹைகன்ஸின் முழு நூல் 1703-ல்தான் வெளிவந்தது; அவர் மறைந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேர் மோதலில்தான் ஆற்றல் முழுவதும் கைமாறும். வெள்ளைப் பந்தின் மையம் மற்றப் பந்தின் விளிம்பை நோக்கி வந்தால் முக்கால் பங்கே போய்ச் சேரும். வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது உண்மையே. ஆனால் வேகத்துக்காகக் குறியை இழப்பவர் முதலுக்கே மோசம் செய்துகொள்கிறார்.

குறி தவறாமல் குத்தக் கோலும் ஒத்துழைக்க வேண்டுமே! வெறும் மர நுனி, பந்தின் நடுவைவிட்டுச் சற்று விலகினாலும் வழுக்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி நுனியில் தோல் பொருத்திய கோலைப் பரப்பினார். பந்தின் எந்த இடத்தில் குத்தினால் என்ன ஆகும் என்பதை 1835-ல் கணித நூலாகவே எழுதியவர் கொரியாலிஸ். சுழலும் பூமியில் காற்றின் திசையை விலக்கும் விசைக்குப் பெயர் தந்த அதே கொரியாலிஸ்தான். நடுவில் குத்திய பந்து முதலில் வழுக்குகிறது. துணியின் உராய்வால் மெல்ல மெல்ல உருளத் தொடங்கி, முழுதும் உருளும்போது தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கே மிஞ்சும். தொடக்கத்திலேயே உருள வேண்டுமானால், விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில் குத்த வேண்டும். பூலின் முதல் அடியில் வேகம் மிக அதிகம். தூரமோ ஒன்பதடி மேசையில் ஒன்றேகால் மீட்டர் அளவுதான். எனவே நடுவில் குத்திய பந்து, பெரிதும் வேகம் குறையாமல் வழுக்கியபடியே முக்கோணத்தை அடைந்துவிடும்.

அங்கே அது ஹைகன்ஸின் பந்தைப்போல் நின்றுவிடுவதில்லை. முனைப் பந்துக்குப் பின்னால் இரு பந்துகளும், அவற்றுக்குப் பின்னால் மற்றவையும் ஒட்டி நிற்பதால், தன்னிலும் கனமான பொருள்மீது மோதியதுபோல், கொஞ்சம் ஆற்றலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பின்னோக்கித் திரும்புகிறது. டெக்கார்ட் இந்த ஓர் அடியை மட்டும் பார்த்திருந்தால், தம் ஆறாம் விதி மெய்ப்பட்டுவிட்டதென்று மகிழ்ந்துபோயிருப்பார்!