வந்தவர் சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு?

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் சாலையில், கேமரன் மலையின் முதல் ஊராக எதிர்ப்படுவது ரிங்லெட். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் சுற்றித் திரிந்த மலை இது. 1929-இல் ஜே.ஏ. ரஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகு காடழித்துக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வையில்தான் அந்தச் சரிவுகள் பச்சை பிடித்தன. தேயிலையைப் பார்க்க வந்தவர்கள் விடுதிகளில் தங்கினார்கள். மலைவாசத் தலத்து விடுதி என்றால் முன்கூடத்து மேசையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும், பக்கத்தில் நூலில் கட்டிய பேனா இருக்கும். தங்கிப் போகிறவர் தம் பெயர், ஊர், இரண்டு வரி அபிப்பிராயம் எழுதிவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் அந்த இடம் எப்படி என்று முடிவு செய்வார்.

இந்தப் பழைய வழக்கம் அப்படியே கணினிக்குள் போனது. ரிங்லெட் போன்ற ஊரிலிருந்து தனித்தொழிலாக இணையத்தளம் வடிவமைக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கோலாலம்பூரில் அலுவலகம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வாடிக்கையாளர் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், முகம் பார்க்கவே மாட்டார். ஆகவே அவருடைய சொந்த அகப்பக்கம்தான் அவருக்குக் கடை, பெயர்ப்பலகை, நற்சான்றிதழ் எல்லாம். தாம் செய்த வேலைகளின் மாதிரிகளை அங்கே அடுக்கி வைப்பார். கடைசியில் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில் விழும் சொல்லுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இப்போது நீதிமன்றம் வரை போய்விட்டது. முப்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால்தான் அது எப்படிப் போனது என்பது புரியும்.

பேசத் தெரிந்து, பின் ஊமையான இணையம்

டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உருவாக்கிய முதல் உலாவி, படிக்க மட்டுமல்ல, எழுதவும் இடம் கொடுத்தது. படிப்பவனே எழுதுபவனாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் நினைப்பு. ஆனால் 1993-இல் மோசேயிக் உலாவி வந்து இணையம் பொதுமக்களிடம் பரவியபோது, பார்ப்பது மட்டுமே மிஞ்சியது. கடைக்காரர் பேசுவார், வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டுப் போகலாம் என்கிற நிலை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் படிவமும், அதைத் தொடர்ந்து வந்த ‘கெஸ்ட் புக்’ என்னும் வருகையாளர் புத்தகமும். 1995-இல் மேட் ரைட் என்ற அமெரிக்க மாணவர், யாரும் எடுத்துத் தம் தளத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று சில சிறு நிரல்களை இலவசமாகக் கொடுத்தார். வருகையாளர் புத்தகம் ஒன்று, படிவத்தில் எழுதியதை மின்னஞ்சலாக அனுப்பும் ‘ஃபார்ம்மெயில்’ இன்னொன்று. இவற்றை உலகம் முழுவதும் எத்தனையோ தளங்கள் எடுத்துக்கொண்டன. 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவச இடமும் கொடுத்தது. சொந்த வீடு இல்லாதவனுக்கும் இணையத்தில் ஒரு லயத்துக் கதவு கிடைத்தது என்று சொன்னால் தோட்டப்புறத்து மக்களுக்கு எளிதில் விளங்கும்.

கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு வரவில்லை

தமிழுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை காத்திருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழை அச்சுக்கு ஏற்றிவிட்டார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற முறையை உருவாக்கி, 1995 அக்டோபரில் வெளியான சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ் எழுத்தை ஏற்றிக் காட்டினார். தமிழின் முதல் இணையப் பக்கம் அதுவே என்பது பரவலான கருத்து. ‘இணையம்’ என்ற சொல்லைக் கொடுத்த பெருமையையும் பலர் அவருக்கே தருகின்றனர். 1999-இல் அவர் காலமானார். இத்தனை பெரிய மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் அதன் பலனைப் பார்க்காமல் போனது வருத்தத்துக்குரியது.

சரி, தமிழ்ப் பக்கம் வந்தாயிற்று. பார்த்தவர் என்ன சொன்னார்? பல தளங்களுக்கு முதலில் வந்த கருத்து ஒன்றுதான்: “எழுத்து தெரியவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது.” ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்திய காலம் அது. ஒன்றின் ‘க’ இன்னொன்றில் ஏதோ ஓர் ஐரோப்பியக் குறியாகத் தெரியும். வடிவமைப்பாளர் தம் முகப்பிலேயே ‘எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுத வேண்டியிருந்தது. பலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தமிழைப் படமாக்கி ஒட்டினார்கள். தொலைபேசி வழி இணைப்பில் அந்தப் படம் வந்து சேர்வதற்குள் தேநீர் ஆறிவிடும்.

1997-வாக்கில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் இயங்கு எழுத்துரு என்ற ஒரு வசதியைக் கொடுத்தன. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து வரும். எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அது படிக்கத்தான் உதவியது, எழுத உதவவில்லை. தமிழ்த் தளத்தின் வருகையாளர் புத்தகத்தைத் திறந்தால் ‘மிக நன்று, வாழ்த்துகள்’ என்பது ஆங்கில எழுத்துகளில் தமிழாகக் கிடக்கும். வீட்டுக்காரர் தமிழில் வரவேற்கிறார், விருந்தாளி வேற்று எழுத்தில் பதில் சொல்கிறார்.

இதை ஒரு தொழில்நுட்பச் சில்லறை என்று ஒதுக்குவது தவறு. தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்த தோட்டத்து மனிதருக்குத் தமிழ் எழுத்துதான் சரளம். அவர் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் போனதற்கு விருப்பமின்மை காரணமல்ல, விசைப்பலகைதான் காரணம். அந்த ஆண்டுகளில் தமிழ் வடிவமைப்பாளர்கள் கேட்ட குரல்கள் எல்லாம் ஆங்கில விசைப்பலகைக்குப் பழகியவர்களின் குரல்களே.

ஆனால் அந்தக் குறைகூறல்களே வேலையும் செய்தன. 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும் தாம், தாப் குறியீடுகளும் வந்தன. இணையத் தமிழர்கள் தங்களுக்குள் விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறியீடு ஒரு பக்கம் நின்றது. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் அதே மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. எந்தக் குறியீடு என்ற சண்டை அப்போதும் ஓயவில்லை. தமிழர் கூடினால் இரண்டு கட்சி என்பது கணினியிலும் பொய்க்கவில்லை!

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000, அதற்கடுத்த எக்ஸ்பி ஆகியவற்றில் அது உள்ளேயே அமர்ந்து வந்தது. ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் போன்றோர், பக்கத்திலேயே தட்டெழுதித் தமிழாக்கிக்கொள்ளும் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தனர். ‘ammaa’ என்பதற்குரிய விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்தது. அதன் பிறகுதான் ‘உங்கள் கருத்து’ என்ற பெட்டிக்குள் தமிழ் வரி ஒழுங்காக விழத் தொடங்கியது. பார்வைக்கு வந்த தமிழ் பதிலாகத் திரும்பி வர ஏறக்குறைய எட்டு, பத்து ஆண்டு பிடித்தது.

திறந்த கதவும் திருட்டுக் கடிதமும்

கதவு திறந்ததும் வேண்டாதவர்களும் நுழைந்தார்கள். மேட் ரைட்டின் ஃபார்ம்மெயில் நிரலின் பழைய பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. அடுத்தவர் தளத்தின் படிவத்தை வைத்தே ஆயிரக்கணக்கான குப்பை மின்னஞ்சல்களை ஊருக்கெல்லாம் அனுப்ப அது வழிவிட்டது. தம் படிவத்தை மறந்துபோன வடிவமைப்பாளரின் பெயரில் அவருக்கே தெரியாமல் மருந்து விளம்பரம் போய்க்கொண்டிருக்கும். வருகையாளர் புத்தகங்களில் சூதாட்டத் தளங்களின் முகவரிகள் நிரம்பின. அந்த முகவரிகளைக் கூகுள் எண்ணிப் பார்த்து மதிப்புக் கொடுக்கும் என்பதே அவர்கள் கணக்கு. 2005 ஜனவரியில் ‘நோஃபாலோ’ என்ற குறிப்பைச் சேர்த்து, அத்தகைய இணைப்புகளுக்கு மதிப்பில்லை என்று கூகுள் அறிவித்தது. குப்பை குறைந்ததே தவிர நிற்கவில்லை.

2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியது. அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களோடு அவற்றின் வருகையாளர் புத்தகங்களும் போயின. தளத்தை எழுதியவர் தம் பக்கங்களின் நகலை வைத்திருக்கக்கூடும். விருந்தாளி எழுதியதை யார் நகலெடுத்தார்கள்?

சட்டம் கதவைத் தட்டிய நாள்

மலேசியாவைப் பொறுத்தவரை 2012 ஜூலை 31 முக்கியமான தேதி. அன்று சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு நடப்புக்கு வந்தது. ஒரு தளத்தின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று பெயர் காட்டிக்கொண்டவர்தான் அதில் வெளிவந்ததை வெளியிட்டவர் என்று முதலில் கொள்ளப்படுவார். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. இதை எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்டு 14-இல் பல தளங்கள் ஒருநாள் முகப்பைக் கறுப்பாக்கின. பிரிவு அப்படியே நின்றது. அடுத்து, 2010-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. வணிகத்துக்காக ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கினால் எதற்காக என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துவழி அறிவிப்புத் தர வேண்டும். தமிழ் வாடிக்கையாளருக்காகத் தமிழில் தளம் நடத்துபவருக்கும் அந்த இரண்டு மொழி அறிவிப்பு கட்டாயம்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று பலர் இருந்தார்கள். 2020 ஜூன் மாதம் மலேசியாகினி செய்தித் தளத்தில் நீதிமன்றங்கள் பற்றிய ஒரு செய்தியின் கீழ் ஐந்து வாசகர்கள் கருத்து எழுதினார்கள். அவை நீதித்துறையை அவமதிப்பவை என்று சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுத்தார். தகாத சொற்களைப் பிடிக்கும் வடிகட்டி தங்களிடம் இருக்கிறது, போலீசார் சொன்னவுடனேயே நீக்கிவிட்டோம் என்று மலேசியாகினி வாதிட்டது. 2021 பிப்ரவரி 19-இல் கூட்டரசு நீதிமன்றம் 6-க்கு 1 என்ற பெரும்பான்மையில் நிறுவனம் குற்றம் செய்ததாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்டு நின்ற ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். தலைமையாசிரியர் ஸ்டீவன் கான் குற்றவாளி இல்லை என்று விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் ரிங்கிட், நீதிமன்றம் விதித்த அபராதமோ 5 லட்சம் ரிங்கிட். பொதுமக்கள் சில மணி நேரத்திலேயே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரறிந்த செய்தி நிறுவனத்துக்கு மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ரிங்லெட்டில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளருக்கு யார் கொடுப்பார்கள்? அவர் தளத்தில் ஒருவர் போட்டி வடிவமைப்பாளரைப் பற்றி அவதூறு எழுதினாலும், ஓர் இனத்தைப் பழித்து எழுதினாலும், முதல் கேள்வி தளத்துக்காரரை நோக்கித்தான் வரும். வடிகட்டி இருந்தது என்ற பதில் மட்டும் போதாது என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது. எந்தக் கருத்தையும் தாம் படித்த பிறகே வெளியே விடுவது, வாடிக்கையாளரின் பாராட்டையும் அவர் அனுமதி கேட்டே போடுவது, குறை சொன்னவருக்கு அன்றே பதில் எழுதிவிட்டு அந்தக் குறையையும் பதிலையும் சேர்த்தே வெளியிடுவது என்று தொழில் தெரிந்தவர்கள் சிலர் பழகிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்பவரிடம் இல்லாத பொருள் அதுதான்.

எனவே பலர் சுலபமான வழியைத் தேர்ந்தார்கள். கருத்துப் பெட்டியையே எடுத்துவிட்டு வாட்ஸ்அப் எண்ணை வைத்துவிட்டார்கள். கூகுளில் நட்சத்திரம் போடுங்கள் என்று வாடிக்கையாளரை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் எதை வைப்பது, எதை அழிப்பது என்பது வடிவமைப்பாளர் கையில் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் பாராட்டோ, தமிழ் தட்டெழுதப் பத்தாண்டு காத்திருந்து கிடைத்த அதே அழகான தமிழில்தான் வருகிறது, ஆனால் ஒருவர் கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தம் காய்கறித் தோட்டத்துக்கு ஒரு தளம் வேண்டும் என்று கேட்டு வரும் ரிங்லெட்காரர், “இதற்கு முன்னே செய்து வாங்கினவர்கள் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டால், வடிவமைப்பாளர் கைப்பேசியை எடுத்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி, பழைய செய்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.